செல்வியிடம் மன்னிப்புக் கேட்ட வாரம்

அக்டோபர் 26, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். குடையை சர்ச்சிலேயே மறந்துவிட்டு வந்தேன். திரும்பிப் போய்ப் பார்த்தால் இல்லை. எந்தப் பரிசுத்தவாட்டி எடுத்துக்கொண்டு போனாளோ.

பாஸ்டர் இன்று ஒப்புரவாகுதல் பற்றி நாற்பது நிமிஷம். காணிக்கையைப் பீடத்தண்டையில் வைத்துவிட்டு, முதலில் போய் சகோதரனோடு சமாதானமாகு என்கிற பகுதி. முப்பத்திரண்டு வயசுப் பையன், கல்யாணமாகி ஆறு மாசம். அவருக்கு என்ன மனஸ்தாபம் தெரியும். கடைசியில் வீட்டுப்பாடம் வேறு. அடுத்த ஞாயிறு திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் எடுக்கிற நாள். அதற்குள் ஒருவரிடமாவது போய் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்.

"ஈஸியான ஆளுகிட்ட போகாதீங்க. கஷ்டமான ஆளுகிட்ட போங்க."

என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரியே இருந்தது. பெண்கள் ஐக்கியத்துக்குச் செயலாளர் எடுப்பதும் அதே ஞாயிறுதான். பொறுப்புக்கு வருகிறவர்கள் முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்றார். இதுவரை பேர் கொடுத்திருப்பது நான் மட்டும்.

மதியம் மட்டன். இவருக்கு இரண்டே துண்டு. ஸ்டென்ட் வைத்து மூன்று மாசம்கூட ஆகவில்லை, அதற்குள் எலும்பைத் தேடுகிறார்.

அக்டோபர் 27, திங்கள்

ஸ்கூலில் ஒன்பதாம் வகுப்பு பேப்பர் திருத்தல். மகரந்தச் சேர்க்கைக்குப் படம் வரையச் சொன்னால் ஒருத்தி கத்திரிக்காய் வரைந்திருக்கிறாள்.

யாரிடம் கேட்பது? யோசித்ததில்:

1. மாடி வீட்டு ஸ்டெல்லா. தண்ணீர் மோட்டார் சண்டை. தப்பு அவளுடையது. அவள்தான் இறங்கி வர வேண்டும்.

2. தம்பி. கேட்டால் செத்தே போவான், ஆச்சரியத்தில்.

3. எச்.எம். மன்னிப்புக் கேட்டால் இன்னும் இரண்டு பீரியட் தலையில் கட்டுவாள்.

4. இவர். முப்பது வருஷம் சமைத்துப் போட்டாயிற்று. போதும்.

5. செல்வி.

ஐந்தாவதை எழுதி அடித்தேன். மறுபடி எழுதினேன். மோர்க்குழம்பு அடி பிடித்துவிட்டது.

அக்டோபர் 28, செவ்வாய்

நல்ல மழை. பீர்க்கன்கரணை ஏரி நிரம்புகிறது என்று தெருவே வேடிக்கை பார்க்கப் போய்விட்டது. எனக்கு வேறு வேலை இருந்தது. செல்வி விஷயத்தை இதுவரை எங்கேயும் எழுதினதில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

செல்விக்கு இப்போது நாற்பத்து மூன்று. பெருங்களத்தூரில் அப்பாவோடு இருக்கிறாள். காலேஜ் ஒன்றில் ஆபீஸ் வேலை. பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்பவள். கல்யாணம் ஆகவில்லை.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஓர் இடம் வந்தது. பையனுக்கு பேங்க் வேலை. பையனுடைய அம்மா எங்கள் ஸ்கூலில் கணக்கு டீச்சர். பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், பிடித்திருந்தது. எல்லாரும் செய்வதுபோல பெண்ணுடைய சபையில் ஒரு ஆளிடம் விசாரித்தார்கள். அந்த ஆள் நான். ஸ்டாஃப் ரூம், மூன்றாவது பீரியட்.

"பொண்ணு எப்படி ஜெயா?"

"நல்ல பொண்ணு. நாங்க எல்லாரும் அவளுக்காக ரொம்ப ஜெபிச்சிட்டு இருக்கோம்."

"ஏன், என்னாச்சு?"

"அதெல்லாம் கர்த்தர் பார்த்துப்பார் டீச்சர்."

அவ்வளவுதான். ஒரு பொய் சொல்லவில்லை. எங்கள் ஜனங்களிடம் இதற்கு மேல் சொல்லவும் வேண்டாம். வலிப்பு, காதல், பைத்தியம், எது வேண்டுமோ அவரவர் நிரப்பிக்கொள்வார்கள். அந்த வாரமே இடம் நின்றுபோயிற்று.

ஏன் சொன்னேன்? அந்த வருஷம் கிறிஸ்துமஸ் ஆராதனையில் தனியாகப் பாடுகிற இடத்தை எனக்குக் கொடுக்காமல் அவளுக்குக் கொடுத்தார்கள். வேறு காரணம் இருந்ததாகப் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். இல்லை. இதுதான்.

அடுத்த வருஷம் பெண் கேட்டு வந்தவர்களும் முதல் இடம் ஏன் நின்றது என்றுதான் கேட்டார்கள். அப்புறம் யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் 29, புதன்

பயமாக இருக்கிறது. அபாத்திரமாகத் திருவிருந்து எடுக்கிறவனுக்கு ஆக்கினை என்று பைபிளில் இருக்கிறது. தகுதியில்லாமல் எடுத்தால் தண்டனை. ஒவ்வொரு மாசமும் செல்விக்குப் பக்கத்தில் மண்டியிட்டு அதே பாத்திரத்தில் குடித்திருக்கிறேன். இவருடைய நெஞ்சு வலி அதனால்தானோ என்று ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதே தோன்றியது. இவரிடம் சொல்லவில்லை.

"நாளைக்கு ஒருத்தர்கிட்ட மன்னிப்பு கேக்கப் போறேன்" என்று மட்டும் சொன்னேன்.

"நீயா? மழை கொட்டப்போவுது."

"கொட்டிட்டுதான் இருக்கு. எட்டிப் பாருங்க."

பாத்ரூமில் ஒத்திகை. அழுதுகொண்டு சொன்னால் நன்றாக இருக்குமா, அழாமலா? சபைக்கு முன்னால் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் எப்படி ஆரம்பிப்பது என்றும் யோசித்தேன். சனியன் பிடித்த மனசு.

மாத்திரை, பிரெட், கொசுவர்த்தி வாங்க வேண்டும்.

அக்டோபர் 30, வியாழன்

ஸ்கூல், காலேஜ் எல்லாவற்றுக்கும் மழை விடுமுறை. ஆட்டோ கிடைக்க அரைமணி.

"இன்னா மேடம், இந்த மழைல எங்க கெளம்பிட்ட? ஏரித் தண்ணி ரோட்டாண்ட வந்துகினு கீது."

அவசரம் என்றேன். வழியெல்லாம் புலம்பிக்கொண்டே ஓட்டினான்.

செல்வி அவள் அப்பாவுக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். முக்காலியில் பாதம், கீழே பேப்பர். அவருக்கு எண்பத்திரண்டு, காது மெஷின் மாட்டாவிட்டால் இடி விழுந்தாலும் கேட்காது. மாட்டவில்லை. அதனால் அங்கேயே உட்கார்ந்து சொல்லிவிட்டேன். ஸ்டாஃப் ரூம், கேட்டது, சொன்னது, கிறிஸ்துமஸ் பாட்டு, எல்லாம். அழுகை தானாகவே வந்தது.

அவள் நிமிரவில்லை. மீதியிருந்த நாலு விரலையும் வெட்டி முடித்தாள். பேப்பரை மடித்து வைத்தாள்.

"அப்பாவாலதான்னு நெனச்சுட்டிருந்தோம் அக்கா. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு, ஞானஸ்நானத்துக்குத் தண்ணி தெளிக்கிறது சரியா, முழுக்கு சரியான்னு மாப்பிள்ளையோட அப்பாகிட்ட பெரிய ஆர்க்யுமென்ட் பண்ணிட்டாரு. அதனாலதான் நின்னுபோச்சுன்னு ஒரு வருஷம் என் மூஞ்சியே பாக்கல. அப்புறம் யார்கிட்டயும் அதப் பத்தி வாயே தொறக்கல."

அவள் அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஜெயா டீச்சரா? செக்ரட்டரி ஆயிட்டீங்களா?" என்று தெருவுக்கே கேட்கிற குரலில் கேட்டார். இன்னும் இல்லை என்று கையை ஆட்டினேன்.

"செல்வி, மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா."

"இப்பவேவா?"

"ஞாயித்துக்கிழமை திருவிருந்து இருக்கே."

"ஓ."

நகவெட்டியைத் துடைத்து டப்பாவில் போட்டாள். "பாஸ்டர் சொன்ன வசனத்துல, யாருக்கு உங்க மேல குறை இருக்கோ அவங்ககிட்டதானே போகச் சொல்லியிருக்கு? எனக்கு உங்க மேல ஒண்ணுமே இல்லியே அக்கா. நேத்துகூட உங்களத்தான் செக்ரட்டரி ஆக்கணும்னு ரெண்டு பேர்கிட்ட பேசினேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவளே மேலே பேசினாள்.

"தேவ சித்தம்னு வெச்சிருந்தேன். பதினாலு வருஷமா அப்படித்தான் சொல்லி ஜெபம் பண்ணிட்டிருக்கேன். இனிமே எப்படிச் சொல்றது?"

அப்புறம் எழுந்து, "மழை பெருசாறதுக்குள்ள கெளம்புங்க" என்று தன் குடையை எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை: வெளியே வந்ததும் உடம்பு லேசாக இருந்தது. ஸ்டேஷன் பக்கம் சூடாக மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தான். நாலு தின்றேன்.

அக்டோபர் 31, வெள்ளி

பாஸ்டருக்குப் போன். செய்துவிட்டேன் என்று விவரமாகச் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அவங்களுக்கு... இது முன்னாடி தெரியாதா?"

"தெரியாது. நான்தானே சொன்னேன்."

"ஐயோ ஆன்ட்டி. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு போயிருக்கலாமே."

பிரசங்கத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டியதுதானே? கஷ்டமான ஆளிடம் போகச் சொன்னது யார்? நான் போனேன். சபையில் இருநூறு பேர் இருக்கிறார்கள், எத்தனை பேர் போனார்கள்? கோபம் வந்து போனை வைத்துவிட்டேன்.

உப்புமா. இவருக்கு பி.பி. பார்த்தது, பரவாயில்லை.

நவம்பர் 1, சனி

மழை விட்டது. துணி காயவில்லை, வீடு முழுக்க ஈர நாற்றம்.

செல்வியிடமிருந்து ஒன்றும் இல்லை. காலையில் வாட்ஸ்அப்பில் அவளுக்கு ஒரு வசனம் அனுப்பினேன். பிறருடைய தப்பிதத்தை மன்னிக்காதவனுக்கு மன்னிப்பு கிடைக்காது என்கிற வசனம். பூப் படம் போட்டது. பார்த்துவிட்டாள், நீல டிக் இரண்டு. பதில் இல்லை.

என் மேல் இருந்ததை நான் இறக்கிவிட்டேன். இப்போது மன்னிக்க வேண்டியது அவள். மன்னிக்காவிட்டால் பாவம் யாருடையது? இதை மத்தியானம் முழுக்க யோசித்தேன். எப்படிப் போட்டாலும் கணக்கு எனக்குச் சாதகமாகவே வருகிறது. ஏன் சந்தோஷமாக இல்லை என்றுதான் தெரியவில்லை.

வெள்ளைப் புடவை இஸ்திரி. செல்வியின் குடையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நவம்பர் 2, ஞாயிறு

வெயில். சர்ச் நிறைய கூட்டம்.

திருவிருந்துக்கு வரிசை வரிசையாக எழுந்து போனோம். செல்வி எழுந்திருக்கவில்லை. அவள் இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அப்பாவைக் கைப்பிடித்து நடைபாதை வரை கொண்டுவந்து விட்டாள், இன்னொருவர் அவரைக் கூட்டிப்போனார். "நீ வரலியாம்மா?" என்று அவர் சத்தமாகக் கேட்டது சபைக்கே கேட்டது. எல்லாரும் திரும்பினார்கள். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

நான் போனேன். மண்டியிட்டேன். என் பக்கத்தில் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. பாத்திரத்தைக் கொடுக்கும்போது பாஸ்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எடுத்துக்கொண்டேன். முதல் தடவையாகப் பயமில்லாமல்.

ஆராதனை முடிந்து கூட்டம். போட்டி இல்லை, பத்து நிமிஷத்தில் செயலாளர் ஆகிவிட்டேன். கை கொடுத்தார்கள், கேசரி கொடுத்தார்கள். ஸ்டெல்லாகூட வந்து சிரித்தாள்.

செருப்பு மாட்டுகிற இடத்தில் செல்வி நின்றிருந்தாள். குடையை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். இப்போது சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன்.

"அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா அக்கா?"

பேங்க் பையனுக்கு அதே வருஷம் ஆயிற்று என்றேன்.

"குழந்தைங்க?"

இரண்டு. பெரியது பெண், எட்டாவது படிக்கிறது. எங்கள் ஸ்கூல்தான், என் வகுப்புதான் என்றேன்.

அந்தப் பெண்ணின் பேரைக் கேட்டாள். சொன்னேன். ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.