அக்கா வீட்டுக்குப் போன சேவல்

பரேலி,
ஜனவரி 2003

அம்மா,

அக்கா வீட்டுக் கோழிகளைச் சாகடித்தது நீ கொடுத்தனுப்பிய சேவல்தான். கோபிக்காதே. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாரா? நான் நலம்.

தீபாவளிக்கு வந்தபோது ஐயம்பேட்டையில் நம் வீட்டிலும் ஓரிக்கையில் அக்கா வீட்டிலும் செத்த கோழிகளிலிருந்து மாதிரி எடுத்து வந்தேன் அல்லவா? இங்கே எங்கள் கால்நடை ஆய்வகத்தில் அவற்றைச் சோதித்துப் பார்த்தேன். வெள்ளைக்கழிச்சல் கிருமியின் மரபணு ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறியிருக்கும். சுற்று ஊர்களில் எடுத்ததெல்லாம் வேறு வேறு. நம்முடையதும் அக்காவுடையதும் மட்டும் அச்சு அசல் ஒன்று.

நம் கோழிகள் தூங்கி விழ ஆரம்பித்ததும், "இதுவாச்சும் பொழச்சிக்கினு இருக்கட்டும்பா" என்று அந்தச் சேவலை அனுப்பினாய். பார்க்க நன்றாயிருந்த அதற்குள்ளும் கிருமி இருந்திருக்கிறது. ஊரே இப்படித்தான் செய்கிறது. இனி சீக்கு வந்தால் ஒரு கோழியும் வாசல் தாண்டக் கூடாது. குஞ்சுகளுக்குத் தவறாமல் சொட்டு மருந்து போடு.

அக்கா போனில் அழுதாள். "இவ கால் வெச்ச நேரம், கோழிகூடத் தங்கல" என்கிறாளாம் மாமியார். கோழி செத்தாலும் மருமகள்தான் காரணமா?

இங்கே கடுங்குளிர். தமிழ் பேச ஆளில்லாமல் கூண்டுக் கோழிகளோடு பேசுகிறேன். ஒன்று மூக்கில் கொத்திவிட்டது, சின்னக் காயம்தான். கொஞ்சம் பருப்புப் பொடி அனுப்பு. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

நாளைக்கே ஓரிக்கைக்குப் போ. அக்காவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "சீக்கு எங்க சேவலோட வந்தது சம்பந்தி" என்று சொல். சொல்வாயா?

தினகரன்