வீழாத ரோமின் முதற் பிரதி

ஸ்ட்ரெதம்
தெற்கு லண்டன்
3 யூன் 2025

அன்புள்ள குலசேகரம் மாஸ்டருக்கு,

முழங்கால் நோ குறைந்து, காலை நடையைத் திரும்பத் தொடங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் என் காது மெசின் கீச்சிடுகிறது. அதனால்தான் கடிதம்.

இத்துடன் என் நாவல் 'வீழாத ரோம்'. வாசிப்பு வட்டத்தில் நீங்கள் சொன்ன வகுப்பு விளையாட்டில் பிறந்தது: சரித்திரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் என்னவாகிறது பார். நான் ஓர் ஆளை மாற்றினேன். கி.பி. 376இல் ஹூணருக்குப் பயந்த கோத்தியர் தன்யூப் ஆற்றைக் கடந்து ரோமரிடம் தஞ்சம் கேட்டார்கள். அதிகாரிகள் பட்டினி போட்டார்கள். பிள்ளையை அடிமையாகக் கொடுத்தால், தின்ன ஒரு நாய். இரண்டே வருடத்தில் போர், சக்கரவர்த்தியே செத்தான். என் கதையில் அந்தக் கரையில் மார்க்குஸ் என்ற நேர்மையான மொழிபெயர்ப்பாளன் நிற்கிறான். அகதி சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறான். பாண் கிடைக்கிறது. போர் இல்லை. ரோம் விழவில்லை. இன்றைக்கு ஸ்ட்ரெதம் பஸ்ஸில் லத்தீனில்தான் அறிவிப்பு!

நானும் எண்பதுகளில் ஜெர்மனி அகதி முகாமில் மொழிபெயர்த்தவன்தானே. கை தானாக எழுதியது.

செப்டெம்பர் 14 வெளியீடு. ஆய்வுரை நீங்கள்தான். முதற் பிரதி வாங்கத் தகுதியான ஒருவரையும் நீங்களே சொல்லுங்கள்.

அன்புடன்,
பத்மநாதன்


பார்க்கிங்
கிழக்கு லண்டன்
20 யூன் 2025

அன்புள்ள பத்மநாதன்,

இரண்டு முறை வாசித்தேன். மார்க்குஸை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரேயொரு திருத்தம்: கோத்தியருக்கு உருளைக்கிழங்குக் கறி பரிமாறியிருக்கிறீர்கள். உருளைக்கிழங்கு ஐரோப்பாவுக்கு வர இன்னும் ஆயிரத்து இருநூறு வருடம் அளவில் கிடக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றுங்கோ என்று சொன்னால், மழையை நிறுத்திவிட்டு மலையையும் நகர்த்தி வைக்கிற பிள்ளைகள் என் வகுப்பிலும் இருந்தார்கள்.

மூன்றாம் அதிகாரம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஹூணர் வீட்டுக்குள் புகுந்து யாழைத் தூக்கிக் கிணற்றில் எறிகிறார்கள். அடுத்த நாள் தமையன் அதை வாளியால் எடுத்து மூன்று நாள் வெயிலில் காய வைக்கிறான். அகதி இதைச் சொன்னதும் ரோம அதிகாரி எழுதுகோலைக் கீழே வைக்கிறான். இப்படியொன்று கற்பனையில் வராது. எங்கே கேட்டீர்கள்?

அன்புடன்,
குலசேகரம்


ஸ்ட்ரெதம்
27 யூன் 2025

அன்புள்ள மாஸ்டர்,

பிடித்துவிட்டீர்கள்! அது என் மாமி மகன், மச்சான் ஞானேஸ்வரனின் கேஸ். 1986. அவன் சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன்: "ஆமிக்காரன் ரேடியோவைத் தூக்கிக் கிணத்துக்கை எறிஞ்சவன். அண்ணை வாளியாலை எடுத்து மூண்டு நாள் வெய்யில்லை காய வைச்சவர்." அந்த ஜெர்மன்காரன் உண்மையாகவே பேனையைக் கீழே வைத்தான். மச்சானுக்கு விசா. ரேடியோவை யாழ் ஆக்கினேன், அவ்வளவுதான்.

உருளைக்கிழங்கை முட்டைக்கோவா ஆக்கிவிட்டேன்.

அன்புடன்,
பத்மநாதன்


பார்க்கிங்
2 யூலை 2025

அன்புள்ள பத்மநாதன்,

நன்றி. மூன்றாம் அதிகாரத்தில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம். ஆய்வுரைக்குக் கட்டாயம் வருகிறேன்.

முதற் பிரதிக்கு வால்தம்ஸ்டோவில் இருக்கும் திருமதி சுசிலாவை அழையுங்கள். அகதியாக வந்து, ஷிப்ட் வேலை செய்து தனியே வாழ்கிறவர். மேடையில் பெயரை மட்டும் சொன்னால் போதும். மிச்சத்தை நான் சொல்கிறேன்.

அன்புடன்,
குலசேகரம்


ஸ்ட்ரெதம்
16 செப்டெம்பர் 2025

மாஸ்டர்,

முந்நூறு பேர். நான் பட்டுச் சால்வையோடு குனிந்து இரண்டு கையாலும் புத்தகத்தை நீட்டுகிறேன். அந்த அம்மா வாங்கினா, மூன்றாம் அதிகாரத்தைத் திறந்தா, மூடினா, திரும்ப என் கையிலேயே வைத்தா. "இது என்ர மனுசன்ர ரேடியோ. உங்களிட்டையே இருக்கட்டும்." மைக் பக்கத்திலேயே இருந்தது.

அதன் பிறகு நீங்கள் எழும்பி, பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது போல ஆறுதலாக, "சுசிலாவின்ர மனுசன் ஸ்ரீதரன் என்ர தம்பி" என்று தொடங்கி, அவன் கதை என் மச்சானுக்குப் போனதை முழுதாகச் சொன்னீர்கள். முன் வரிசையில் ஆரோ, "அப்ப மார்க்குஸ் ஆரெண்டு விளங்குது" என்றான். சனம் சிரித்தது. ஒரு பிரதி விற்கவில்லை. ஞானேஸ்வரன் போன் எடுப்பதில்லை.

மச்சானிடம் சொல்லிக்கொள்ள ஒரு கேஸும் இருக்கவில்லை. ஒரே கதையை இரண்டு பேர் சொன்னால் அந்த ஜெர்மன்காரன் இரண்டு பேரையும் திருப்பி அனுப்பியிருப்பான். ஒருவனையாவது காப்பாற்றினேன். முப்பத்தொன்பது வருடம் கழித்து இது தேவையா?

பத்மநாதன்


பார்க்கிங்
21 செப்டெம்பர் 2025

தம்பி பத்மநாதன்,

தேவை. உதாரணத்தோடு சொல்கிறேன்.

அந்த ரேடியோவை வாளியால் எடுத்தவன் நான். மூன்றாம் நாள் அது ஒரு தரம் கரகரத்தது. தம்பி கை தட்டினான். ஞானேஸ்வரன் வீட்டுக்கு ஒரே பிள்ளை என்று விசாரித்தறிந்தேன்; அவனுக்கு ஏது அண்ணை?

ஸ்ரீதரனை நிராகரித்த ஜெர்மன் கடிதம் என்னிடம் இருக்கிறது. லண்டன் வந்த பிறகுதான் ஒருவரைக் கொண்டு வாசித்தேன். "இராணுவம் தன் வீட்டுக்கு வரவில்லை என்று விண்ணப்பதாரர் கூறினார்." யாரோ ஒருவன் மாற்றிச் சொல்லியிருக்கிறான் என்று அன்றே தெரியும். யார் என்று உம்முடைய மூன்றாம் அதிகாரம் சொன்னது.

1987 தை மாதம் தம்பியைத் திருப்பி அனுப்பினார்கள். கொழும்பிலிருந்து வரும் வழியில், வவுனியாவில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து அவனை இறக்கினார்கள். சுசிலாவுக்கு அப்போது கலியாணமாகி ஒன்றரை வருடம். அன்றைக்கு இறங்கியவன் இன்னும் வரவில்லை. கோத்தியராவது பிள்ளையைக் கொடுத்தால் நாயைக் கையில் கண்டார்கள்.

உமக்கு ஒரு வீட்டுப்பாடம். நாவலுக்குக் கடைசி அதிகாரம் எழுதும்: அந்த அறையில் மார்க்குஸ் உண்மையில் என்ன செய்தான்? அது வரும்வரை, நீர் எந்த ஊரில் அறிமுக விழா வைத்தாலும் முன் வரிசையில் இரண்டு கதிரை போட்டு வையும். நானும் சுசிலாவும் வருவோம்.

குலசேகரம்


ஸ்ட்ரெதம்
2 நவம்பர் 2025

மாஸ்டர்,

அந்த முதற் பிரதியை வீட்டில் ஒருவரும் தொடுவதில்லை. மனுசி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டா. மகள் தர்மிகா வேறொரு பிரதியை வாசித்துவிட்டு, "அப்பா, இஸ் இட் ட்ரூ?" என்று கேட்டாள். அலுமாரிக்கு மேலிருந்து பிரதியை இறக்கினேன்.

கடைசியில் இருந்த வெற்றுத்தாளில் என் கையால் எழுதி, அதே பிரதியை அனுப்புகிறேன். சுசிலா அம்மாவிடம் கொடுங்கள். இத்தோடு விட்டுவிடுங்கள்.

பத்மநாதன்


பார்க்கிங்
9 நவம்பர் 2025

தம்பி பத்மநாதன்,

கிடைத்தது. கையெழுத்து அழகு. சுசிலாவிடம் கொடுக்கவில்லை, அவ்வளவுக்கு இன்னும் வரவில்லை.

நான்காம் வரி: "களைப்பில், ரேடியோ விசயத்தைச் சொல்ல மறந்துவிட்டேன்." சிவப்பால் கோடிட்டிருக்கிறேன். மறந்தவன் பிறகு அதே கதையை மச்சானுக்குப் பாடமாக்கிக் கொடுக்க மாட்டான். அடுத்த பக்கம்: "எல்லோருமே பாதிக்கப்பட்டோம்." அதை முழுதாக வெட்டியிருக்கிறேன்.

பிரதியைத் திருப்பி அனுப்புகிறேன். வெள்ளைத் தாள்களும் வைத்திருக்கிறேன். மறுபடி எழுதும். சரியாக வந்தபின் முதலில் தர்மிகாவுக்கு வாசித்துக் காட்டும், அதன் பிறகு எனக்கு அனுப்பும்.

அவசரமில்லை. முப்பத்தாறு வருடம் படிப்பித்தவன் நான். ஒரு பிள்ளையையும் இடையில் கைவிட்டதில்லை. சிவப்புப் பேனை ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன்.

குளிர் தொடங்கிவிட்டது. காதை மூடிக்கொண்டு வெளியே போம்.

குலசேகரம்