வீட்டில் ஒரு பதினான்காம் கட்டில்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
3-11-2025

அன்புத் தங்கை எப்சிக்கு,

அண்ணன் எபனேசர் எழுதுவது. பதினோரு வருஷமாக என் போனை நீ எடுப்பதில்லை. கடிதத்தைக் கிழிப்பதற்காவது கையில் எடுத்துத்தானே ஆக வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

இங்கே நானும் ஆஸ்பத்திரியும் நலம். உன் மதினி ஜெயபாய்க்குத்தான் நலமில்லை.

ஆஸ்பத்திரி என்றது எங்கள் ஹாலை. அவளுக்கு நுரையீரல் தழும்பேறிப்போய், அதற்கு மேல் நிமோனியாவும் வந்து, மதுரையில் பன்னிரண்டு நாள் ஐ.சி.யு.வில் கிடந்தாள். "செத்தாலும் இனி இங்க கொண்டாராதீங்க" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். அங்கே செய்கிற வைத்தியம் அத்தனையும் வீட்டிலேயே செய்வார்களாம். வேனில் கட்டில் வந்தது, ஆக்சிஜன் மெஷின் வந்தது. டாக்டர் ஒரு டேப்லெட்டில் வந்தார், அவரைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். தினமும் காலை ஒன்பது மணிக்கு ரவுண்ட்ஸ். "பேஷன்ட்டை மறைக்கிற அட்டெண்டர் கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்பார். அட்டெண்டர் நான்தான். தலைமையாசிரியராக ஓய்வு பெற்ற எனக்கு இது பதவி உயர்வா இறக்கமா என்று யோசிக்க நேரமில்லை.

அவளுக்கு டிஸ்சார்ஜ் கொடுக்கவில்லை. காகிதப்படி இன்னும் உள்நோயாளி, கட்டில் எண் பதினான்கு. மற்ற பதின்மூன்று கட்டில்களை நான் வீட்டில் தேடவில்லை.

நர்ஸ் பாண்டிசெல்வி காலையும் மாலையும் ஸ்கூட்டரில் வந்து ஊசி போட்டுவிட்டுப் போகும். மீதி நேரமெல்லாம் நான். விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் எண் எண்பத்தெட்டுக்குக் கீழே இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கண் மூடப் பயமாக இருக்கிறது.

அந்தத் திட்டத்தின் விதிப்படி வீட்டில் இரண்டு பேர் மாறி மாறி முழித்திருக்க வேண்டும். பாரத்தில் உன் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். 'எப்சி, தங்கை, ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ், உடன் வசிக்கிறார்.' பிள்ளையில்லாத வீட்டில் எழுத வேறு பெயர் இல்லை. பதினேழாம் தேதி அந்த இரண்டாவது ஆளை டாக்டர் கேமராவில் பார்ப்பார். ஆளில்லாவிட்டால் ஆம்புலன்ஸ் வந்து அவளை மதுரைக்கே கொண்டுபோய்விடும். போனால் திரும்பமாட்டேன் என்று அவள் நினைக்கிறாள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ராஜபாளையத்திலிருந்து அரை மணி நேர பஸ். வா.

அன்புள்ள அண்ணன்,
எபனேசர்


ராஜபாளையம்,
5-11-2025

அண்ணனுக்கு எப்சி எழுதுவது.

கிழிப்பதற்கு முன் படித்துவிட்டேன். தலைமையாசிரியர் பொய்க் கையெழுத்துப் போடுவார் என்பது எனக்குப் புதுச் செய்தி.

பதினோரு வருஷத்துக்கு முன் அப்பாவை வீட்டில் வைத்து நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ட்ரிப் பாட்டில் மாட்டச் சுவரில் ஆணிகூட அடித்தேன். "ஏட்டி, வீடு என்ன ஆஸ்பத்திரியா? நாலு பேரு என்ன சொல்லுவாக?" என்று கேட்டவர் நீங்கள். ஐ.சி.யு. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா செத்துப்போனார். முப்பது வருஷத்தில் யார் யாருக்கோ கண்ணை மூடிவிட்டிருக்கிறேன். பெற்றவருக்கு அதைச் செய்ய என்னை உள்ளே விடவில்லை. இப்போது ஆஸ்பத்திரியே உங்கள் ஹாலுக்கு வந்துவிட்டது. நாலு பேர் என்ன சொல்கிறார்கள்?

நான் வரமாட்டேன். பாரத்தில் என் பெயரை அடித்துவிடுங்கள்.

மதினிக்காக மட்டும் இதை எழுதுகிறேன். தலைப்பக்கம் உயரமாக இருக்கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வையுங்கள். மூக்குக் குழாய் காதுக்குப் பின்னால் அறுக்கும், அங்கே பஞ்சு வையுங்கள். ஊசி குத்திய கை சிவந்தால் பாண்டிசெல்வியிடம் உடனே சொல்லுங்கள். பார்க்க வருகிறவர்களை உள்ளே விடாதீர்கள். ஆஸ்பத்திரி என்றால் வாட்ச்மேன் தடுப்பார். வீட்டில் நீங்கள் நாற்காலி எடுத்துப் போடுவீர்கள்.

எப்சி


ஸ்ரீவில்லிபுத்தூர்,
8-11-2025

அன்புத் தங்கைக்கு,

பஞ்சு வைத்தேன், காதுப் புண் ஆறுகிறது. "இதை யாரு சொன்னா?" என்று ஜெயபாய் கேட்டாள். உன் பெயரைச் சொன்னேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

உன்னுடைய கடைசி உத்தரவைத்தான் காப்பாற்ற முடியவில்லை. வாசலில் 'பார்வையாளர் நேரம் 4 – 6' என்று அட்டை எழுதி மாட்டினேன். சபையார் அதை மதித்து நேற்றுச் சரியாக நாலு மணிக்கு வந்தார்கள். பத்தொன்பது பேர், ஏழு ஹார்லிக்ஸ் பாட்டில். கமிட்டி மெம்பர் பென்சன் தலைமை. "வீட்டுக்குள்ளயே இம்புட்டு வசதியா? மதுரைக்காரனுக்குக்கூட இது கிடைக்காது சார்" என்று மெஷினைத் தட்டிக்கொடுத்தார்.

பிறகு ஜெபம். நம் வழக்கம் உனக்குத் தெரியும். ஜெபம் என்றதும் ஃபேன், டி.வி., மிக்சி எல்லாம் நிற்க வேண்டும். யாரோ ஒரு மரியாதை தெரிந்தவர் ஆக்சிஜன் மெஷினையும் நிறுத்திவிட்டார். அத்தனை கூட்டத்தில் யாரென்று தெரியவில்லை. பதினோரு நிமிஷம். அவ்வளவு அமைதியான ஜெபம் இந்த வீட்டில் நடந்ததே இல்லை. நடுவில் ஜெயபாய் கையை உயர்த்தினாள். ஆண்டவரைத் துதிக்கிறாள் என்று எல்லாரும் "ஸ்தோத்திரம்" என்றார்கள். பென்சன் உருகிப்போய் ஜெபத்தை நீட்டினார். ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது அவள் உதடு நீலமாக இருந்தது. எண் எழுபத்தொன்று.

மாலை ஊசிக்கு வந்த பாண்டிசெல்வி ஓடிவந்து, அவசரத்துக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து காப்பாற்றியது. இப்போது எண் எண்பத்தைந்து, அதற்கு மேல் ஏற மறுக்கிறது. பேச்சு குறைந்துவிட்டது. டாக்டர் உடனே ஆம்புலன்ஸ் அனுப்புகிறேன் என்றார். அவள் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பதினேழாம் தேதி வரை தவணை கொடுத்திருக்கிறார்.

எனக்கு முடியவில்லை எப்சி.

அண்ணன்,
எபனேசர்


ராஜபாளையம்,
10-11-2025

அண்ணனுக்கு,

ஒரே ஒரு சந்தேகம் கேட்கிறேன்.

அந்த மெஷினோடு நான் வேலை செய்திருக்கிறேன். கரண்ட் போனால் அது கத்தும். சுவரில் சுவிட்சை அணைத்தாலும் கத்தும், பிளக்கைப் பிடுங்கினாலும் கத்தும். தெருக்கோடி வரை கேட்கும். மெஷினிலேயே இருக்கிற சுவிட்சை அமுக்கினால் மட்டும்தான் சத்தமில்லாமல் நிற்கும். பழக்கமில்லாத ஆள் சுவரில்தான் கை வைப்பார். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தவர்களுக்கு அந்தச் சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று எப்படித் தெரியும்?

அமைதியான ஜெபம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நிறுத்தியது நீங்கள்தானே?

எப்சி


ஸ்ரீவில்லிபுத்தூர்,
12-11-2025

எப்சிக்கு,

நான்தான்.

நாற்பது வருஷமாக யாராவது "ஜெபிப்போம்" என்றால் என் கை தானாகப் போய் எதையாவது நிறுத்தும். அன்றைக்கும் போயிற்று. சத்தம் நின்றதும் உடம்புக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அந்தப் பதினோரு நிமிஷமும் நான் ஜெபிக்கவில்லை. நின்றபடியே தூங்கிவிட்டேன்.

ஜெயபாய் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் கையை உயர்த்தியது ஆண்டவரை நோக்கி இல்லை, என்னை நோக்கி. இன்று வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேற்றுப் பென்சன் வந்து சபையின் சார்பில் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நானும் மன்னித்து அனுப்பிவைத்தேன்.

அப்பா விஷயத்திலும் நடந்தது இதுதான். நல்ல வைத்தியம் வேண்டும் என்றுதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் நாலு பேருக்குப் பயந்துதான் சேர்த்தேன்.

ஜெயபாயை என் பொறுப்பில் விட்டுவைக்கக் கூடாது. நேற்று இரண்டு முறை கண் இருட்டி நாற்காலியிலிருந்து விழுந்தேன். நீ என்னை மன்னிக்க வேண்டாம். என்னோடு பேசக்கூட வேண்டாம். வந்தால் போதும்.

எபனேசர்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
17-11-2025, காலை 10 மணி

அண்ணனுக்கு,

இதை அடுப்படி மேசையில் வைக்கிறேன். பேச வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். நான் வந்து இரண்டு நாளாக அது எனக்கும் வசதியாகத்தான் இருக்கிறது. டியூட்டி மாறும்போது எழுதிவைத்துவிட்டுப் போவது எங்கள் வேலையில் வழக்கம்.

எட்டு மணி ஊசி போட்டாயிற்று. கஞ்சி மூன்று ஸ்பூன் இறங்கியது. எண் எண்பத்திரண்டு.

ஒன்பது மணிக்கு டாக்டர் வந்தார். என்னைப் பார்த்தார். "கூடத்தான் இருக்கீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். இந்த எண்ணைப் பார்த்த பிறகு இரண்டாவது ஆள் இருப்பது மட்டும் அவருக்குப் போதவில்லை. ஆம்புலன்ஸ் அனுப்பட்டுமா என்றார். மதுரைக்குக் கொண்டுவந்தால் ஆயுசு எத்தனை நாள் கூடும் என்று கேட்டேன். கேமராவைப் பார்க்காமல், "ரெண்டு நாள், மூணு நாள்" என்றார். மதினி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார்கள். இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இதை உங்களிடம் கேட்டுத்தான் செய்திருக்க வேண்டும். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த உங்களை எழுப்பப் புறப்பட்டேன். "வேண்டாம்ட்டி, அவிய செத்த நேரம் தூங்கட்டும்" என்றார்கள் மதினி. அதைச் சொல்லி முடிக்கவே அவர்களுக்கு மூன்று மூச்சு பிடித்தது.

எழுந்ததும் முகம் கழுவிக்கொண்டு வாருங்கள். இடது பக்கம் ஸ்டூல் போட்டிருக்கிறேன். அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். எண்ணைப் பார்க்க வேண்டாம். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தங்கை,
எப்சி