பாழுங்கிணற்றில் நீ விட்ட விரால்

என் ஆத்திரக்கார அம்மாவுக்கு,

மலையில் நல்ல மழை. நம் ஏரி முக்கால்வாசி நிறைந்துவிட்டது. நேற்று ஏரியின் மீன் குத்தகைக்காரன் வேனில் கட்லாக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டான். கரையில் நின்று பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான்.

போன வருடம் சித்திரையில் அவன் ஏரியில் மருந்து கொட்டினானே, மறப்பாயா? வற்றிக்கிடந்த தண்ணீரில் குறவையும் கெளுத்தியும் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. கரும்பு வெட்டு முடிந்து கூலி இல்லாத மாதங்களில் நம் தெருவுக்கே சோறு போட்ட மீன்கள். அவன் ஆள் அவற்றுக்கு வைத்த பெயர் களை மீன்.

"களைய எடுத்தாதாங்க்கா எங்க கட்லா வளரும். விராலு இருந்தா குஞ்சு ஒண்ணு வுடாம முழுங்கிடும்."

"நாங்க துன்றது உனுக்குக் களையாடா? அப்ப நாங்க இன்னா?"

கேட்ட கையோடு நீ மருந்து எட்டாத ஓரத்துச் சேற்றில் இறங்கி, கையாலேயே இரண்டு விராலைப் பிடித்துக் குடத்தில் போட்டாய். நான் குழம்புக்கு மிளகாய் அரைக்க ஓடினேன். நீ நேராகப் பாழுங்கிணற்றுக்குப் போய்க் குடத்தைக் கவிழ்த்தாய்.

இந்த ஆடியில் காய்ச்சலில் வாய் கசந்து விரால் குழம்பு கேட்டாய். நான் வாங்கப் போனேன். ஏரிக்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான் குத்தகைக்காரன்.

"விராலா? அதான் ஒழிச்சுக்கட்டியாச்சேம்மா. கட்லா வாங்கிக்கினு போ, ஆயுசு கூடும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வாங்கித்தான் வந்தேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

"அவன் மீனு வாணாம்."

"கெணத்துல இருக்குதேம்மா, புடிச்சாரட்டா?"

"கைய வெச்சுப் பாரு, தெரியும் சேதி. அத சோத்துக்கு வுடல. அவனுக்கு வுட்டிருக்கறேன்."

ரசம் சோற்றோடு போய்ச் சேர்ந்தாய். சாகப்போகிற நாக்கை விடவா கோபம் பெரிது? சாவுக்கு அவனும் மாலையோடு வந்து, "பாவம், சாதுவான பொம்பள," என்றான். உன்னைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்?

நீ விட்ட விரால் ஜோடி கிணற்றில் குஞ்சு பொரித்து, இப்போது ஒவ்வொன்றும் சாண் நீளம். இன்று காலை பக்கத்து வீட்டு அத்தையும் நானும் கூடையை இறக்கி அள்ளினோம். குடத்தில் கொஞ்சம் தண்ணீர், குடத்து வாயைக் கட்ட ஈரத்துணி. விராலுக்கு அது போதும்.

"மாட்டிக்கினா இன்னாடி சொல்லுவ?" என்றாள் அத்தை.

"மழையில அதுவே நடந்து வந்துச்சின்னு சொல்றேன்."

ஏரியில் கவிழ்த்தேன். கட்லாக் குஞ்சுகள் மொய்த்துக்கிடந்த பக்கம் நேராகப் போயின அம்மா. தண்ணீர் கலங்கியது. நான் கண்ணை எடுக்கவில்லை.

பெரிய ஜோடியைக் கிணற்றிலேயே விட்டிருக்கிறேன். அவன் மறுபடி மருந்து கொட்டுவான். நான் மறுபடி குடம் தூக்குவேன். நட்டப்பட்டு அவன் இந்த ஏரியை விட்டுப் போகிற அன்றைக்கு விரால் குழம்பு வைத்து உனக்குப் படைப்பேன். அதுவரை நீயும் பட்டினி கிட. நானும் விராலைத் தொடமாட்டேன்.

உன் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்ட மகள்,
செல்வி