முதல் நாள் எண்ணிக்கை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், என் கோபமும் திடமாக இருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, டைல்ஸ் கடை ஷட்டர் பாதியில் மாட்டிக்கொள்கிறது, தம்பி அதற்கு எண்ணெய் விட்டுவிட்டுப் பெரிய இன்ஜினியர் மாதிரி நிற்கிறான். இதை அவன்தான் படமெடுத்து உனக்கு அனுப்புவான். போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், காரியம் நடக்காது.

நேற்று நீ சொன்னதை யோசித்துப் பார்த்தேன். செயற்கைக்கோள் கேமராவுக்குள் வைக்கிற நகத்தளவு சிலிக்கான் தகடு, அதில் ஆயிரக்கணக்கான கட்டங்கள், வானத்திலிருந்து எக்ஸ் கதிர் வந்து விழுந்தால் அந்தக் கட்டம் எண்ண வேண்டும். சரி. இருட்டில், குளிர்ப்பெட்டிக்குள் வைத்தால் ஒன்றுமே விழாமல் சில கட்டங்கள் சும்மா எண்ணுகின்றன, முதல் நாள் பன்னிரண்டு, அடுத்த வாரம் நாற்பது, இப்போது தொண்ணூறு. அதுவும் சரி, சரக்கென்றால் பழுது இருக்கும். ஆனால் உன் மேலதிகாரி "முதல் நாள் எண்ணிக்கையையே போடும்மா, தேதி நெருங்குது" என்றாராம், நீயும் பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாயாம்! கேட்டால் "கெட்ட கட்டத்தைக் கணக்குல சேக்காம மறைக்கிறது எல்லாரும் செய்யறதுதாம்மா" என்கிறாய். மறைப்பதை யாரடி குறை சொன்னது? தொண்ணூறை மறைத்தேன் என்று எழுதிவிட்டு மறை. வளர்ந்துகொண்டே போகிற பழுதைப் பன்னிரண்டு என்று எழுத உனக்குக் கை எப்படி வந்தது? அவர் வாயால் சொன்னார், நீ மையால் எழுதினாய், நாளைக்கு யார் மாட்டுவது? அப்பா வழக்கம்போல "விடு, சின்னப் பிள்ளைதானே" என்கிறார். முப்பத்தொரு வயதுச் சின்னப் பிள்ளை!

இதை நீ எங்கே கற்றாய் என்று எனக்குத் தெரியும். நீ பத்தாவது படிக்கும்போது மூலை உடைந்த டைல்ஸை அடுக்கின் நடுவில் வைத்துக் கட்டச் சொன்னேன். "பாத்துட்டா?" என்று கேட்டாய். "யாரு பிரிச்சுப் பாக்கப் போறா" என்றேன். மறுநாள் அதை வாங்கிப்போன கொத்தனார் பெட்டியைத் தூக்கிவந்து நடுக்கடையில் போட்டு உடைத்தார், அத்தனை பேர் முன்னால் என் மானம் போனது. அன்றிலிருந்து ஒவ்வொரு பெட்டியையும் வாங்குகிறவர் கண்ணெதிரே பிரித்துக் காட்டித்தான் கட்டுகிறேன். அதைப் பார்க்க நீ இல்லை, அந்த வாரமே ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய், முதல் பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு. எனக்காவது திருப்பிக் கொண்டுவந்து முகத்தில் அடிக்க ஒரு கொத்தனார் இருந்தார். வானத்துக்குப் போய்விட்டால் உன் தகட்டை எவர் திருப்பிக் கொண்டுவருவார்?

திங்கட்கிழமை கேமராவை மூடி முத்திரை வைக்கப் போகிறார்கள் என்றாயே, அதற்கு முன் அந்தத் தாளில் தொண்ணூறு என்று திருத்தி, பக்கத்திலேயே கையெழுத்துப் போடு. அவர் முறைத்தால் முறைக்கட்டும். வேலையே போனாலும் போகட்டும், இங்கே பெட்டி பிரிக்க எனக்கு ஆள் வேண்டும்தான்.

நூறு வயது நல்லபடியாக இரு. வெளியே போகும்போது காதை மூடிக்கொள். மறக்காதே, தொண்ணூறு.

இப்படிக்கு,
அன்று அந்த அடுக்கைக் கட்டச் சொன்ன
உன் அம்மா