நாலு மணிக்கு வருபவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்

என்னங்க,

கார் வாங்க புரோக்கர் வந்தால், விற்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். தூங்குகிற உங்களை எழுப்பிச் சொல்ல எனக்கு முகமில்லை.

விற்பதற்கு முன் கடைசியாக ஒரு தடவை பார்க்கலாமே என்று நம் டாக்ஸியின் இன்ஜின் ஹெட்டைக் கழற்றினேன். போன வாரம் அதற்கடியில் நான் மாட்டிய கேஸ்கெட் தகடு தலைகீழாக இருக்கிறது! தண்ணீர் போகிற ஓட்டைகளை அதுவே அடைத்துக்கொண்டிருக்கிறது. இன்ஜின் கொதிக்காமல் என்ன செய்யும்? பதினெட்டு வருஷ மெக்கானிக் செய்கிற வேலையா இது!

"தண்ணி ஊத்தக்கூடத் தெரியாத ஆளுக்கு டாக்ஸி ஒரு கேடா?" என்று வண்டி கொதித்து நின்ற அன்று என் அண்ணன் எதிரிலேயே கேட்டேனே! "தினமும் ஊத்தினேன்மா" என்றீர்கள். அதோடு என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டீர்கள்.

புது கேஸ்கெட் வாங்கப் போகிறேன். சோறும் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். சூடு பண்ணிச் சாப்பிடுங்கள்.

பி.கு: தப்பு என்னுடையது என்று அண்ணனுக்கும் போன் செய்துவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

இன்னொன்று: பழைய கேஸ்கெட்டை உங்கள் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். எது மேல் பக்கம் என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. பார்த்துவிட்டு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். வாயைத் திறந்தால் போதும்.