எழுதாத கிலோமீற்றர்

மச்சான்,

கரண்ட் கார் வந்துவிட்டது. கொழும்பிலிருந்து ஏற்றிவந்த லொறி எங்கள் ஒழுங்கைக்குள் திரும்ப முடியாமல் பெரிய தெருவிலேயே நின்றுவிட்டது. எங்கள் டிரைவர் நிக்சன் போய் இறக்கி ஓட்டிக்கொண்டு வந்தான். அது ஷெட்டுக்குள் வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை. கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தபோது, கண்ணாடிக்குள் இருந்து அவன் சிரித்துக்கொண்டிருந்தான். கதவைத் திறந்து ஏறி இருந்தேன். புது சீற்றின் பிளாஸ்ரிக் மணம் மட்டும்தான். பெற்றோலோ டீசலோ மணக்காத ஒரு வாகனத்துக்குள் நான் இருந்தது அதுதான் முதல் தடவை. உன்னுடைய சேட்டு நினைவுக்கு வந்தது. எத்தனை முறை தோய்த்தாலும் அதில் டீசல் மணம் போகாது.

நீ போய் ஒன்றரை வருடமாகிறது. இவ்வளவு நாளும் உனக்கு ஒன்றும் எழுதவில்லை. அழவும் இல்லை. அதைச் சொல்ல வெட்கமாகவும் இல்லை. காலை எழும்புகிறேன், ஷெட்டைத் திறக்கிறேன், போன் வந்தால் எடுக்கிறேன், எந்தக் காரை எங்கே அனுப்புவது என்று பார்க்கிறேன். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்று வீட்டில் கேட்டால் யோசித்துத்தான் சொல்கிறேன்.

நாங்கள் தொடங்கிய நாளை நினைத்துப் பார்க்கிறேன். நான் சங்கக்கடையில் கணக்கெழுதியவன். நீ வன்னிப் பக்கம் லொறி ஓட்டியவன். ஒரே வகுப்பில் இருந்து படித்தவர்கள், நாற்பது வயதுக்கு மேல் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் திரும்பச் சந்தித்தோம். ஆளுக்குப் பாதி போட்டு அந்தப் பழைய டீசல் வானை வாங்கினோம். வங்கியில் கடன் எடுத்தது நான் என்பதால் பதிவு என் பெயரில். வானை ஓட்டியதும், வீட்டுக்குக் கொண்டுபோனதும், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகுமுன் கழுவியதும் நீ. பிறகு ஒரு பெற்றோல் கார் வந்தது. பிறகு இரண்டு ஹைபிரிட்.

எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில் பெற்றோல் செற் வரிசையில் இரண்டு பகல் நின்றோம். ஒரே பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டோம். என் பெற்றோல் காருக்கு முன்னால் இருந்தவனோடு பெற்றோல் முடிந்துவிட்டது. உன் வானுக்கு டீசல் கிடைத்தது. நீ வானின் பக்கத்தைத் தட்டிக்கொண்டு சொன்னாய்: “எஞ்சின் என்ன குடிக்குதெண்டு பாக்காதை. என்ன வேலை செய்யுதெண்டு பார்.” அந்த மாதம் முழுக்க அந்த வான்தான் எங்கள் இரண்டு வீட்டுக்கும் சோறு போட்டது.

அதையெல்லாம் நான் மறந்தேன் என்று சொல்ல முடியாது. தெரிந்துகொண்டுதான் அந்தக் கணக்கைப் போட்டேன்.

தட்டுப்பாடு தீர்ந்து எரிபொருள் விலை ஏறி நின்றபோது, எந்த வாகனத்தை வைத்திருப்பது, எதை விற்பது என்று பார்க்கவேண்டி வந்தது. ஒரு பெரிய கொப்பி வாங்கினேன். பெற்றோல் காருக்கு ஒரு பக்கம், ஹைபிரிட்டுக்கு ஒரு பக்கம், டீசல் வானுக்கு ஒரு பக்கம். அடித்த லீற்றர், ஓடிய கிலோமீற்றர், ஒயில், ரயர், கராஜ் செலவு. மூன்று மாதம் ஒருநாளும் தவறாமல் எழுதினேன். கார்களுக்கு மீற்றரைப் பார்த்து எழுதினேன். உன் வானின் மீற்றர் எப்போதோ நின்றுபோயிருந்தது. அதனால் ஒவ்வொரு வாடகை ஓட்டத்துக்கும் நீ ஹயர் புத்தகத்தில் எழுதும் தூரத்தையே கூட்டினேன்.

அந்தக் கொப்பியை உனக்குக் காட்டிய பின்னேரம் நீ மேசையில் சாய்ந்து நின்று வாசித்தாய்.

“உன்ரை ஹைபிரிட்டுக்கு ஒருநாள் பற்றரி மாத்தவேணும். அந்தக் காசை எங்கை எழுதியிருக்கிறாய்?”

“மாத்தேக்கை எழுதுவம்.”

“வானிலை பத்துப் பேர் போகலாம். காரிலை நாலு பேர். ஆளுக்கு எவ்வளவெண்டு பாரன்.”

“பத்துப் பேர் எப்ப வருகினம்? கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும்தானே மச்சான்.”

நீ சிரித்தாய். அதுதான் அந்த மேசையில் நாங்கள் சேர்ந்து சிரித்த கடைசி முறை என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் கணக்கில் வேறொரு விஷயம் கண்ணில் பட்டது. வான் ஓடிய தூரத்துக்கு டீசல் மிக அதிகம். எஞ்சின் பழசு என்று எவ்வளவு விட்டுக்கொடுத்தாலும் ஒத்துவரவில்லை. கராஜில் காட்டினேன். ஒழுக்கு இல்லை, எஞ்சின் நன்றாக இருக்கிறது என்றார்கள். அப்படியென்றால் யாரோ டீசல் எடுக்கிறார்கள்.

நான் நிக்சனைத்தான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ தேவாலயத்துக்குப் போகும்போது வானை ஓட்டுகிறவன் அவன். குருநகரில் அவனுடைய தமையனுக்கு டீசல் எஞ்சின் போட்ட படகு இருந்தது. அதற்குமேல் யோசிக்க எனக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை எல்லாரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றபோது கொப்பியைத் திறந்து வைத்துக் கேட்டேன்.

“வானிலை அடிக்கிற டீசல் எங்கை போகுது?”

எல்லாரிடமும் கேட்பதுபோலக் கேட்டாலும் அவனைத்தான் பார்த்தேன். அவனுக்கு முகம் வெளிறிவிட்டது.

“அந்தோனியாராணை நான் தொடேல்லை அண்ணை.”

நீ வானின் கதவடியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாய். “அவனை விடு. நான்தான் எடுத்தனான்” என்றாய்.

“எவ்வளவு?”

“நீ எழுதி வைச்சிருக்கிறாய்தானே. அவ்வளவும்.”

“எங்கை குடுத்தனி?”

துணியை மடித்து சீற்றுக்குக் கீழே வைத்தாய். தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாய். ஒரு ஹயர் இருந்தது, போய்விட்டாய்.

கள்ளன் என்ற சொல்லை நான் சொல்லவில்லை. ஆனால் அன்று பின்னேரம், இனி வானை வீட்டுக்குக் கொண்டுபோகவேண்டாம், சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போ என்றேன். நீ வைத்தாய். இரண்டு கிழமைக்குள் வவுனியாவில் ஒரு மரக்கறி வியாபாரிக்கு வானை விற்றேன். பாதிக் காசை உன்னிடம் தந்தபோது எண்ணாமல் பொக்கற்றுக்குள் வைத்தாய். அந்த வியாபாரியின் ஆள் வானை எடுத்துக்கொண்டு போனபோது, “மூண்டாவது கியர் கொஞ்சம் இறுக்கம், பாத்துப் போடும் தம்பி” என்று அவனுக்குச் சொன்னாய்.

அதற்குப் பிறகு நீ ஹைபிரிட் ஓட்டினாய். கிழமையில் இரண்டு நாள் காலையிலும் பின்னேரத்திலும் ஹயர் வேண்டாம் என்றாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. ஏழு மாதம் நாங்கள் கதைத்ததெல்லாம் யாரை எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்பது மட்டும்தான். என் கொப்பி அழகாக இருந்தது. கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று எந்த நேரம் கேட்டாலும் என்னால் சொல்ல முடிந்தது.

பிறகு அந்தக் காலை. நீ கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்து இருந்துவிட்டாய் என்று உன் மனைவி றஞ்சி போனில் சொன்னாள். உன்னை ஏற்றக் கிட்ட நின்ற காரை அனுப்பிவிட்டு நான் மோட்டச்சைக்கிளில் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ இல்லை என்றார்கள். இதயம் என்றார்கள். நான் தலையாட்டினேன். டிரைவர் காரை வெயிலில் விட்டிருந்தான். நிழலில் விடு என்று அவனுக்குச் சொன்னேன்.

உன் செத்தவீட்டில் எல்லாரும் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடினார்கள். எனக்கு அந்தப் பாட்டுகள் தெரியாது. ஓரத்தில் நின்றேன். உன்னைக் கொண்டுபோகும் வாகனம் ஸ்ரார்ட் ஆனபோது, டீசல், லீற்றருக்கு எட்டுக் கிலோமீற்றருக்கு மேல் ஓடாது என்று நினைத்தேன். அப்படித்தான் இருந்தேன். வேறொன்றும் வரவில்லை.

அங்கேதான் அவர்களைக் கண்டேன். பந்தலின் கரையில் ஒரு கதிரையில் மெலிந்த ஒரு மனிதர். ஐம்பது வயதுகூட இராது. முழங்கைக்குக் கீழே நரம்பு தடித்து முடிச்சு முடிச்சாக இருந்தது. பக்கத்தில் அவருடைய மனைவி. சோடா கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“நீங்கள் அவரோடை வேலை செய்தனீங்களோ?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“ஓம்.”

“நாங்கள் கொடிகாமம். இவருக்குக் கிட்னி ரெண்டும் போட்டுது. கிழமைக்கு ரெண்டு தரம் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியிலை இரத்தம் சுத்திகரிக்கவேணும். ஒருநாள் பஸ்ஸிலை ஏறேலாமல் ஆஸ்பத்திரி வாசலிலை இவர் நிலத்திலை இருந்திட்டார். அவர்தான் வானிலை ஏத்திக்கொண்டந்து வீட்டிலை விட்டவர். அண்டையிலை இருந்து ஒவ்வொரு முறையும் அவர்தான். விடியக் கொடிகாமம் வந்து ஏத்துவார். பின்னேரம் கொண்டந்து விடுவார். காசு நீட்டினாக் கோவிப்பார்.”

அவள் தொடர்ந்தாள்.

“பிறகு ஆரோ வானை வித்துப்போட்டினமாம். அதுக்குப் பிறகு மோட்டச்சைக்கிளிலை. இவரை நடுவிலை இருத்தி, நான் பின்னாலை பிடிச்சுக்கொண்டு. வரேக்கை இவருக்கு மயக்கமா இருக்கும். அதாலை நாவற்குழிப் பாலத்தடியிலை ஒருக்கா நிப்பாட்டித் தண்ணி குடுப்பார்.”

அந்த ‘ஆரோ’ நான்தான் என்று சொல்லவில்லை. தேத்தண்ணி கொண்டுவரட்டோ என்று கேட்டேன். வேண்டாம் என்றார்கள்.

நீ ஏன் காரில் அவர்களை ஏற்றவில்லை என்று பிறகு யோசித்தேன். காரின் மீற்றர் ஒழுங்காக வேலை செய்யும். நான் தினமும் அதைப் பார்த்து எழுதுவேன். அதுதான்.

நீ போய் எட்டாம் நாள், எட்டுச் செலவும் முடிந்த பிறகு கொப்பியை எடுத்தேன். கொடிகாமத்துக்குப் போக ஒன்று, ஏற்றிக்கொண்டு வர ஒன்று, திரும்பக் கொண்டுபோய் விட ஒன்று, வெறும் வானில் திரும்பி வர ஒன்று. கிழமைக்கு இரண்டு தடவை. நீ எழுதாத அந்தத் தூரத்தை மூன்று மாதத்துக்கும் பெருக்கி வானின் பக்கத்தில் கூட்டினேன். டீசல் சரியாக வந்தது. ஒரு போத்தல்கூட அந்தரத்தில் நிற்கவில்லை. கிலோமீற்றருக்கு விழுந்த செலவு பெற்றோல் காரை விடக் குறைவு. ஹைபிரிட்டின் பற்றரியை நீ சொன்னபடி சேர்த்துப் பார்த்தால், வானுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை. நான் விற்ற வாகனம் விற்கவேண்டிய வாகனம் இல்லை. கண்டுபிடித்தபோது எனக்கு ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன். நடக்கவில்லை. பேனையை மூடி வைத்தேன்.

நிக்சனைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைக் காட்டினேன்.

“அண்டைக்கு நான் உன்னைத்தான் பாத்தனான்” என்றேன்.

“தெரியும் அண்ணை” என்றான். பலாலி விமான நிலைய ஹயர் இருக்கிறதென்று போய்விட்டான்.

கொடிகாமத்துக்கும் ஒருநாள் போனேன். கார் அனுப்புகிறேன் என்று சொல்வதற்குத்தான். அந்தப் பெண் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றாள். “வேண்டாம் அண்ணை. ஊர்ப் பெடியள் சேர்ந்து ஒரு ஓட்டோ ஒழுங்குபண்ணித் தந்திருக்கினம். அது போதும்” என்றாள். கதிரை போட்டாள், இருந்தேன். அவளுடைய கணவர் உள்ளே நித்திரை. எழுப்பவேண்டாம் என்றேன். திரும்பி வந்தேன்.

றஞ்சியிடம் மட்டும் சொல்லாமல் இருந்தேன். உன்னைப் பற்றி நான் நினைத்தது என்ன, எல்லாருக்கும் முன்னால் கேட்டது என்ன என்று அவளுக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒன்றரை வருடம் அவளுடைய வாசலால் போகும்போது ஹோர்ன் அடித்துக் கையசைத்துவிட்டுப் போனேன். நேற்றுத்தான் வீட்டுக்குள் போய் இருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். தொடக்கத்திலிருந்து, ஒழுங்காக, கணக்குச் சொல்வதுபோல.

முடித்தபோது, “எனக்குத் தெரியும் அண்ணை. அண்டைக்கே வந்து சொன்னவர்” என்றாள்.

“ஏன் என்னட்டைச் சொல்லேல்லை? ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே.”

“நானும் அதைத்தான் கேட்டனான். ஏன் இந்தப் பேரைச் சுமக்கிறியள், சொல்லுங்கோவன் எண்டு. அவர் மாட்டனெண்டிட்டார்.”

“ஏன்?”

அவள் நீ சொன்னதை அப்படியே சொன்னாள். குரல்கூட உன்னுடையது மாதிரி இருந்தது. “‘அவன் நல்லவன். கேட்டா முதல் ஓமெண்டுவான். ஒரு மாதம் போக, கொப்பியைப் பாத்திட்டு நிப்பாட்டெண்டுவான். அவன் வாயாலை நிப்பாட்டெண்டு சொன்னா, பிறகு என்னாலை அதைத் தட்டேலாது. கள்ளனெண்டு நினைச்சாப் பரவாயில்லை. நினைக்கட்டும்’ எண்டவர்.”

யன்னலுக்கு வெளியே யாரோ தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் நிப்பாட்டச் சொல்லியிருப்பீர்களா என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவளிடம் பொய் சொல்லியிருப்பேனோ தெரியாது.

உன்னிடம் சொல்கிறேன். வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் கதிரையில் இருந்து, நேர்மையாக யோசித்துப் பார்த்தேன் மச்சான். நான் மனதுக்குள் கூட்டிக்கொண்டு திரிவது அந்த டீசலோ, விற்ற வானோ இல்லை. நாற்பது வருடத்தில் என்னை இவ்வளவு நன்றாக அறிந்தவன் நீ ஒருவன்தான் என்பதையும், அறிந்துகொண்டே கடைசிவரை என்னோடு வேலைக்கு வந்தாய் என்பதையும்தான். ஒன்றில் மட்டும் நீ பிழை. நான் நிப்பாட்டச் சொல்ல ஒரு மாதம் போகும் என்றாய்.

அவ்வளவு நாள் நான் பொறுத்திருக்க மாட்டேன்.